மூலம் என்று பேர் வைத்தார்கள்

கருணைக்கிழங்கைக் கண்டால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். கல்யாணப் பந்தியில் இலையில் வைத்துவிட்டால் ஓரமாக ஒதுக்கிவிடுவேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். "தின்னுங்க, மூலச் சூட்டுக்கு ரொம்ப நல்லதுங்க" என்பார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன தெரியும்? இல்லாத மூலத்துக்காக மாதக்கணக்கில் அதைத் தின்றவள் நான். காலையில் மசியல், மத்தியானம் குழம்பு, படுக்கும் முன்னால் அதே கிழங்கில் கிளறிய லேகியம். தொண்டை நமைச்சலோடு சேர்த்து அன்று விழுங்கிய ஆத்திரம் இன்னும் முழுசாக இறங்கவில்லை.

எனக்கு இருந்தது மரு. கழுத்திலும் கைவிரலிலும் வருகிற மருவுக்குச் சொந்தம்தான். சொல்லக் கூசுகிற இடத்தில் வந்திருந்தது. கழுத்தில் வந்திருந்தால் ஊரே பார்த்திருக்கும். ஆளுக்கொரு வைத்தியம் சொல்லி, கோயிலுக்கு உப்பும் மிளகும் வாங்கிப் போட்டு, அதோடு முடிந்திருக்கும். இதையெல்லாம் போய் எழுதுவார்களா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். யாரும் பேசாமலும் பார்க்காமலும் இருந்ததால்தான் எனக்கு அந்தக் கிழங்கு வாய்த்தது.

அது யுத்த காலம். சீமெண்ணெய்க்கும் துணிக்கும் வரிசையில் நின்று கொண்டிருந்தோம். எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது, குழந்தை இல்லை. சங்ககிரிக்கு மேற்கே கிணற்றுப் பாசனத் தோட்டத்துக்கு நடுவில் எங்கள் வீடு. நான், என் வீட்டுக்காரர், அவருடைய அம்மா, மூன்றே பேர். மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். என் வீட்டுக்காரர் வெள்ளாமையோடு மாட்டு வியாபாரமும் பார்த்தார். சந்தை சந்தையாகப் போவார். ஆத்தூர்ப் பக்கம் போனால் திரும்பி வர ஒரு வாரம்கூட ஆகும். அங்கே எங்கே தங்கினார், யாரோடு இருந்தார் என்று கேட்கிற வழக்கம் எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் கிடையாது. ஓட்டி வந்த மாட்டைப் பற்றி மட்டும்தான் கேட்போம்.

ஒரு நாள் குளிக்கும்போது கையில் ஏதோ தட்டுப்பட்டது. கம்பு மணி அளவு இருக்கும். எருமைகளோடு புழங்குகிறவள் என்பதால் உண்ணி என்று நினைத்துப் பிடித்து இழுத்தேன். உண்ணி வரவில்லை, ரத்தம்தான் வந்தது. அது சதையோடு சதையாக இருந்தது. வலி இல்லை, கொஞ்சம் நமைச்சல் மட்டும். நாளாக ஆக அதற்குப் பக்கத்தில் ஒன்று, பின்னால் ஒன்று என்று கிளம்பி, ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டு, தொட்டால் சேவல் கொண்டை போல் சொரசொரவென்று ஆகிவிட்டது. முன்பக்கம் ஆரம்பித்தது, ஆசனவாய்ப் பக்கமும் போய்ச் சேர்ந்தது.

எனக்கு வலியில்லையே தவிர பயம் இருந்தது. எங்கள் ஊரிலேயே ஒருத்திக்குப் படுக்கையில் ஒட்டுகிற மேகநோய் என்று பேச்சு கிளம்பி, அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பிறந்த வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். அவளுக்கு அது எங்கிருந்து வந்திருக்கும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அடுத்த வைகாசியில் அவள் புருஷனுக்கு வேறு கல்யாணம் நடந்தது. நானும் போய்ச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். பிள்ளை இல்லாத எனக்கு அந்த வண்டி எங்கள் வாசலுக்கு வர ஒரு சொல் போதும். இடுப்புக்குக் கீழே சீக்கு என்று வெளியே தெரிந்தால் நான் இந்த வீட்டில் இருக்க முடியாது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆனாலும் எத்தனை நாள் மறைப்பது? உட்கார்ந்தால் உறுத்த ஆரம்பித்தது. அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏனுங்க அத்தை, கீழ என்னமோ மொளச்சிருக்குதுங்க."

அத்தை முறத்தை நிறுத்தினாள். "உக்கார்ற எடத்துலயா சாமி?"

"அங்கயும் இருக்குதுங்க."

"அட, மூல மொளதான் அது. உனக்குச் சூட்டு ஒடம்பு. பயப்படாத போ."

முளைத்திருக்கிறது என்று நான் சொன்னேன், மூல முளை என்று அவள் எடுத்துக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் அந்த இடத்தில் முளைப்பது மூலம் ஒன்றுதான். 'அங்கயும்' என்று நான் சொன்னதில் ஒரு 'உம்' இருந்ததே, அது அவள் காதில் விழவில்லை. விழுந்தும் வேண்டாமென்று விட்டாளோ என்னவோ. முறம் மறுபடியும் ஆட ஆரம்பித்துவிட்டது.

நானும் திருத்தவில்லை. மூலம் என்பது மரியாதையான நோய். ஊரில் பெரிய மனிதர்களுக்கெல்லாம் இருந்தது. பஞ்சாயத்தில் உட்கார்ந்தே அதைப் பற்றிப் பேசுவார்கள், இன்னார் மருந்து கேட்டது, இன்னார் மருந்து கேட்கவில்லை என்று. மூலத்துக்காக எந்தப் பெண்ணையும் பிறந்த வீட்டுக்கு அனுப்பியதில்லை. அந்தப் பேர் என்னைக் காப்பாற்றியது. அதுதான் என்னைச் சரியாக மாட்டியும் வைத்தது. சரியான பேரைச் சொன்னால் வீடு போய்விடும், சொல்லாவிட்டால் சீக்கு போகாது.

அத்தை தன் மகனிடம் சொன்னாள். மகன் வைத்தியரிடம் போய், "ஊட்டுல மூலமுங்க" என்றார். வைத்தியர் அங்கிருந்தபடியே லேகியம் கொடுத்தனுப்பினார். மிளகாய் கூடாது, கத்தரிக்காய் கூடாது, கோழி கூடாது, கருணைக்கிழங்கு நிறைய. துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்ட வேண்டும். அத்தை குறை வைக்கவில்லை. சந்தையில் கிழங்கு வாங்கி மூட்டையாகவே கொண்டுவந்து போட்டாள். புளி போதாத அன்றைக்கு நாக்கும் தொண்டையும் அரித்துத் தள்ளும். மேலே அரிப்பு, கீழே அரிப்பு. நான் இளைத்துக்கொண்டே போனேன், மருக்கள் நன்றாகத் தேறிக்கொண்டே வந்தன.

லேகியம் தீர்ந்தபின் வைத்தியரே வீட்டுக்கு வந்தார். நாடி பார்ப்பதில் பேர்போனவர். நான் கதவுக்குப் பின்னால் நின்று கையை மட்டும் வெளியே நீட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பிடித்திருந்தார். பிறகு அத்தையிடம் கேட்டார்.

"வெளிக்குப் போறப்ப ரத்தம் வருதுங்களா?"

அத்தை என் பக்கம் திரும்பினாள். "வருதா?"

"இல்லீங்க."

"கொஞ்சம் வருதாட்ட இருக்குதுங்க" என்று அத்தை அவரிடம் சொன்னாள்.

"கடுப்பு இருக்குதுங்களா?"

"இல்லீங்க" என்றேன் நான், இந்தத் தடவை சத்தமாகவே.

"இருக்குதுங்க, வெக்கப்படுது" என்றாள் அத்தை.

வண்டி கட்டிக்கொண்டு வந்த மனிதரிடம் எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று சொன்னால் அவர் மருந்தைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடுமாம். பிற்பாடு எனக்கு விளக்கம் சொன்னாள். என் உடம்பைவிட அவருடைய மனசு நோகக்கூடாது என்பது முக்கியமாகப் போய்விட்டது. வைத்தியர் தலையாட்டினார். "நாடியும் அதுதான் சொல்லுது" என்றார். இன்னொரு டப்பா லேகியம் வந்தது.

இந்தச் சமயத்தில்தான் ஓர் எருமையை விலைக்குக் கொண்டுவந்து எங்கள் வாசலில் நிறுத்தினார்கள். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்த பார்வையை நான் அடுப்பங்கரை ஜன்னலில் இருந்து பார்த்தேன். வாயைப் பிளந்து பல் பார்த்தார். வாலைத் தூக்கிப் பார்த்தார், விரலால் விலக்கிப் பார்த்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து மடியைக் காம்பு காம்பாகத் தடவினார். "பின் காம்புகிட்ட மரு இருக்குதுங்களே, இதைச் சொல்லவேயில்லை நீங்க" என்று சிரித்துக்கொண்டே விற்க வந்தவரிடம் சொன்னார். பிறகு துண்டைப் போட்டுக்கொண்டு அதற்குள் விரல் பிடித்து விலை பேசினார்கள். ஊரான் வீட்டு எருமைக்கு எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று தொட்டுப் பார்த்துச் சொல்லிவிட்டார். கட்டிய பெண்டாட்டிக்கு வாய்வழிச் செய்தியில் வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. கையிலிருந்த கிழங்கை அப்படியே குப்பையில் கொட்டலாமா என்று இருந்தது. கொட்டவில்லை, வேகத்தான் வைத்தேன்.

எருமைக்காரர் போனபிறகு மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். அத்தை தோட்டத்தில் இருந்தாள்.

"எனக்கு இருக்கறது மூலமில்லீங்க" என்றேன். "அந்த எருமைக்கு இருந்துதுங்கல்ல, அதாட்ட இருக்குதுங்க. எல்லா எடத்துலயும்."

அவர் நிமிரவில்லை. கயிற்றைத் திரித்துக்கொண்டே, "மருவா?" என்றார்.

"ஆமாங்க."

"குதிர வாலு முடியில இறுக்கிக் கட்டுனா உழுந்துரும்."

"நீங்க ஒருக்கா பாக்கறீங்களா?"

"சீ, என்ன புள்ள பேச்சு இது" என்றார். ஆனால் எழுந்து போய், சந்தைக்கு எடுத்துப் போகிற பையைத் துழாவி, சுருட்டி வைத்திருந்த குதிரைவால் முடியை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். "அத்தைகிட்டச் சொல்ல வேண்டாம்" என்றார். மாட்டு மருந்தோடு மருந்தாக அது கிடந்ததால் எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. கடைசியில் ஒரு வழி கிடைத்ததே என்றுகூட இருந்தது. அன்றைக்கு அவர் மேல் கொஞ்சம் பிரியமாகவும் இருந்தேன். இதை நினைத்தால் இப்போது இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

கதவைச் சாத்திக்கொண்டு கட்டிப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வழுக்குகிற முடியை வைத்துக்கொண்டு முடிச்சுப் போடுவது இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. காம்பு போல் நீண்டிருந்த ஒன்று மட்டும்தான் முடிச்சுக்குள் வந்தது. மற்றவை தோலோடு படர்ந்திருந்ததால் பிடி கொடுக்கவில்லை. கட்டிய அந்த ஒன்றும் விழவில்லை. வீங்கியது, கறுத்தது, சீழ் வைத்தது. முடிச்சு சதைக்குள் போய்விட்டது. காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். அத்தை என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மூலம் பழுத்துவிட்டது என்று வைத்தியருக்குச் சொல்லியனுப்பினாள். பழுத்தால் கத்திதான், சேலத்துக்குப் போங்கள் என்று அவர் கைகழுவிவிட்டார். அவர் செய்த வைத்தியத்திலேயே எனக்கு உபயோகமானது அது ஒன்றுதான்.

பெட்ரோல் கிடைக்காத காலம் ஆனதால் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடின. பின்பக்கம் ஓர் அடுப்பு, அதில் கரியைப் போட்டு ஒருவன் காற்றடிக்கிற கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருப்பான். மேடு வந்தால் பஸ் மூச்சு வாங்கி நின்றுவிடும், ஆண்கள் இறங்கித் தள்ளுவார்கள். என்னால் பலகையில் உட்கார முடியவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என்னவென்று யாரோ கேட்டார்கள். "மூலமுங்க" என்று அத்தை பஸ்ஸுக்கே சொன்னாள். சேலம் போய்ச் சேரும்வரைக்கும் கருணைக்கிழங்கை எப்படிச் சமைத்தால் நல்லது என்று ஆளாளுக்கு எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். என் வீட்டுக்காரர் முன்பக்கம் டிரைவரோடு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் பெண்களுக்கு ஒரு டாக்டரம்மா இருந்தார். தடித்த கண்ணாடி, கடுகடுத்த முகம். அத்தை உள்ளே வந்து மூலக் கதையை ஆரம்பித்தாள். டாக்டரம்மா அவளைப் பாதியில் நிறுத்தி வெளியே உட்காரச் சொல்லிவிட்டார். என்னைப் படுக்கச் சொல்லி, ஆயாவிடம் விளக்கைப் பிடிக்கச் சொல்லி, குனிந்து பார்த்தார்.

அவ்வளவுதான். பார்த்தார். இத்தனை மாதங்களில் பார்த்த முதல் ஆள் அவர். ஒரு வெற்றிலை போடும் நேரம்கூட ஆகவில்லை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வலியில் அழுகிறேன் என்று ஆயா என் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

"இதை மூலம்னு யார் சொன்னது?" என்று டாக்டரம்மா கேட்டார். எத்தனை பேரைச் சொல்வது? இடுக்கியால் முடிச்சைப் பிடித்து வெட்டி எடுத்து என் கண்முன்னால் காட்டினார். "இது என்ன?"

"குதிர வாலு முடிங்க. நாந்தானுங்க கட்டுனேன்."

"நல்லா இருக்கு" என்றார். திட்டுகிற குரல்தான். ஆனால் பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து நிதானமாகச் சொன்னார். மூலம் என்பது ஆசனவாய்க்குள் ரத்தக்குழாய் வீங்குவது, முக்கினால் வெளியே வரும், ரத்தம் போகும். மேகநோயிலும் இந்த இடத்தில் தடிப்பு வரும். அது தட்டையாக, ஈரமாக இருக்கும், இப்படிக் கொண்டை கொண்டையாக இருக்காது. இது மரு. புருஷன் பெண்டாட்டி சேர்க்கையில் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டுவது. ஒட்டிய உடனே தெரியாது, மாதக்கணக்கில் சும்மா இருந்துவிட்டுப் பிறகு கிளம்பும். இதனால் உயிருக்கு ஆபத்தில்லை. என்றாலும் ரத்தத்தை மெட்ராஸுக்கு அனுப்பி மேகம் இல்லையென்று பார்த்துக்கொள்வது நல்லது.

"குழந்தை பொறக்குமுங்களா?" என்று கேட்டேன்.

"பொறக்கும். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. உன் வீட்டுக்காரரையும் பார்க்கணும், வரச் சொல்லு."

"அவியகிட்ட நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. மூலம்னே இருக்கட்டுமுங்க."

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மூலம்னு சொன்னா அவரை எதுக்குக் கூப்பிடறேன்னு கேட்பாங்களே, என்ன சொல்லட்டும்?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் கதவைத் திறந்து அத்தையிடம், "மூலமெல்லாம் இல்லை, மரு. ஒட்டுற சீக்கு. மேகம் இல்லையான்னு பார்க்க ரத்தம் மெட்ராஸுக்குப் போகுது. உங்க மகனையும் பார்க்கணும்" என்று படபடவென்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரிதான். எனக்கென்னவோ வாசலில் வண்டி வந்து நின்றுவிட்டது போலிருந்தது.

அத்தை என்னைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிவந்தாள். பிறகு சொன்னாள். "அந்த எடத்துல எப்புடி மரு வரும்? இதுக்கு முன்னால இந்த ஊட்டுல ஒருத்தருக்கும் வந்ததில்ல. பொறந்த ஊட்லருந்தே கொண்டாந்திருப்ப."

"இல்லீங்க அத்தை."

"ரத்தம் என்னன்னு வரட்டும். வந்ததும் உன்னையக் கொண்டுபோயி உங்கப்பன் ஊட்டுல உட்டுப்போட்டு வாரேன்."

என் வீட்டுக்காரரைத் தேடினேன். ஆஸ்பத்திரி வாசலில் நின்ற ஜட்கா வண்டிக் குதிரைக்குப் பல் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா கூப்பிடுகிறார் என்று ஆயா போய்ச் சொன்னாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார்.

அதற்குப் பிறகு வாராவாரம் அத்தையோடு சேலம் போய்வந்தேன். சுற்றியிருக்கும் நல்ல தோலுக்கு வாசலின் தடவி, குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி, ஒரு திராவகத்தில் நனைத்து மருவின் மேல் மட்டும் வைப்பார்கள். வைத்த இடம் வெளுத்துப்போகும். மிளகாய் அரைத்துப் பூசியது போல எரியும். ஆயா முறத்தால் விசிறுவாள். அடுத்த வாரம் போகும்போது சில உதிர்ந்திருக்கும், சில அப்படியே இருக்கும். பெரியதாக இருந்த இரண்டை மரத்துப்போக ஊசி போட்டுச் சுட்டு எடுத்தார்கள். ஈரமில்லாமல் துடைத்து வைத்துக்கொள், கிள்ளாதே, கட்டாதே, இருவருக்கும் குணமாகும்வரை தனித்தனியாகப் படுங்கள் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். போய்விட்டது என்று சந்தோஷப்பட்ட இடத்தில் திரும்பவும் ஒன்று தலைகாட்டும். பஸ் பாதி வழியில் நின்று, சேர்ந்தபோது டாக்டரம்மா கிளம்பிப் போயிருந்த நாட்களும் உண்டு. அன்றைக்கெல்லாம் ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து வாய்விட்டுத் திட்டியிருக்கிறேன். யாரை என்று எனக்கே தெரியாது. முழுக்கப் போவதற்கு ஒரு வருஷத்துக்கு மேல் பிடித்தது. அதற்கும் பிறகு அதே வீட்டில் என் மூத்த மகள் பிறந்தாள். ஆனால் அந்த வாரங்களில் இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது. ரத்தத்தின் முடிவு வந்தால் அப்பன் வீடு என்பது மட்டும்தான் தெரியும்.

முடிவு வந்தது. மேகம் இல்லை என்று டாக்டரம்மா அத்தையிடம் சொன்னார். இனி விட்டுவிடுவாள் என்று நம்பினேன். அத்தை விடவில்லை. "மேகமில்லாட்டி என்னங்க? எங்கிருந்தோ வந்திருக்குதல்ல" என்றாள்.

"அதைத்தான் நானும் சொல்றேன். உங்க மகனைக் கூட்டிட்டு வாங்க. அவருக்கும் இருந்து, பார்க்காம விட்டா இவளுக்கு நான் எத்தனை தடவை மருந்து வெச்சும் பிரயோஜனமில்லை. அடுத்த தடவை அவர் வந்தாத்தான் மருந்து."

வீட்டில் அவருக்குத் திடீரென்று வேலை கூடிவிட்டது. ஒரு வாரம் சந்தை, ஒரு வாரம் கிணற்றில் தூர் வாருவது, ஒரு வாரம் கால் பிசகிவிட்டது. அத்தைக்கே சலித்துவிட்டது. மருமகளை அனுப்புவது என்றால்கூட டாக்டர் வாயால் ஒரு வார்த்தை வேண்டும், வந்து அதைக் கேட்டுக்கொள் என்று அவரை இழுத்துக்கொண்டு வந்தாள்.

டாக்டரம்மா மூன்று பேரையும் உள்ளே நிற்க வைத்தார். அத்தை முந்திக்கொண்டாள். "இவ பொறந்த ஊட்லருந்து வந்த சீக்குதானுங்க இது? அதை மட்டும் சொல்லிப்போடுங்க."

"கல்யாணமாகி ரெண்டு வருஷம் கழிச்சு வந்திருக்கு. அப்படிச் சொல்ல முடியாது" என்றார் டாக்டரம்மா. பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து, "இவ என்னடான்னா குதிரை முடியைக் கட்டிச் சீழ் வெச்சுக்கிட்டு வந்தா. எந்த மடையன் சொன்ன வைத்தியமோ" என்றார்.

என் வீட்டுக்காரரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவரை எது சொன்னாலும் பொறுத்துக்கொள்வார், அவருடைய மாட்டு வைத்தியத்தைக் குறை சொன்னால் மட்டும் பொறுக்க மாட்டார். ஊரில் சண்டை போட்டிருக்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை. அவருடைய முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"மடத்தனமில்லீங்க" என்றார். "கட்டறவிய கட்டோணும். ஆத்தூர்ச் சந்தைக்கு வாரவியல்லாம் அதுதான் பண்றாங்க. அடியோட சேத்து இறுக்கிப்போட்டா காஞ்சு உழுந்துரும். எனக்கெல்லாம் போன வருசமே உழுந்துருச்சுங்களே."

தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு மெதுவாகத்தான் உறைத்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் முறுக்க ஆரம்பித்தார்.

போன வருஷம். நான் உண்ணி என்று பிடுங்குவதற்கு முன்னாலேயே. கிழங்கு மூட்டை வீட்டுக்கு வந்தபோது இவருக்குத் தெரியும். வைத்தியர் கண்ணை மூடி நாடி பிடித்தபோது தெரியும். அப்பன் வீட்டில் விட்டுவருகிறேன் என்று அத்தை சொன்னபோது, குதிரைக்குப் பல் பார்த்துக்கொண்டு நின்றபோதும் தெரியும். இது மருதான், எனக்கும் இருந்தது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு இத்தனையும் இல்லை. எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. அடித்துவிடுவேனோ என்று கையைக் கட்டிக்கொண்டேன்.

"ஆம்பளைங்க டாக்டர் பக்கத்துக் கட்டடம்" என்றார் டாக்டரம்மா. ஆயா அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். விழுந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்ததில் மிச்சம் இருந்ததாம். அவருக்கும் குச்சி வைத்தார்கள்.

திரும்பும்போது கரி பஸ்ஸில் நிறைய இடம் இருந்தது. அவர் உட்காரவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். டிரைவர்கூட, "ஏனுங்க, உங்களுக்கும் மூலமுங்களா?" என்று கேட்டார். அவர் ஆமாம் என்று தலையாட்டினார். அத்தை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை அடுப்பு மூட்டினாள். என்ன செய்யப் போகிறாளோ என்று நான் பின்கட்டிலேயே நின்றேன். துணிமணியைக் கட்டு என்று சொல்வாள் என்று நினைத்தேன். சாப்பிடக் கூப்பிட்டாள். போனால், கருணைக்கிழங்கு. ஊருக்கு இன்னும் மூலம்தானே. அவருக்கும் எனக்கும் வட்டில் வைத்து, எனக்கு மட்டும் கிழங்கைப் பரிமாறிவிட்டு உள்ளே போனாள். நான் அந்த வட்டிலைப் பார்த்தேன். பிறகு அதிலிருந்த கிழங்கை முழுக்க எடுத்து அவர் வட்டிலில் வைத்தேன்.

"நீங்க தின்னுங்க" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பிசைந்து தின்ன ஆரம்பித்தார். அன்றைக்குப் புளி குறைவு போலிருக்கிறது. நடுநடுவே தொண்டையைச் செருமிக்கொண்டார், தண்ணீர் குடித்தார், மறுபடியும் தின்றார்.

அத்தை சோறு எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவர் வட்டிலைப் பார்த்தாள், என் வட்டிலைப் பார்த்தாள். திரும்பிப் போய்ச் சட்டியைக் கையோடு எடுத்துவந்தாள். அடியில் மீதி இருந்த கிழங்கையெல்லாம் வழித்து அவர் வட்டிலிலேயே போட்டுவிட்டு, எனக்குச் சோற்றில் மிளகாய் போட்ட குழம்பை ஊற்றினாள்.